மேற்கே ஓர் இந்தியா

இந்தியாவைத் தேடி வருகிறவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடாதபடி மேற்கே திருப்பி அனுப்புவது, வேம்படித்துறைப் பேருந்து நிலையத்தின் டைம் கீப்பர் எப்சிபாவின் வேலை. மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் வழி கேட்கிறவர்களுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதில் தலைவலி கிடையாது. மதுரை வண்டியை விட்டவன் அடுத்த வண்டியில் போய்க்கொள்வான். இந்தியாவைத் தேடி வந்தவன் இங்கேயே அதைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் அமெரிக்காவுக்கு எவன் போவான்?

அவர்கள் துறைமுகத்திலிருந்து வரும் மூன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் வருவார்கள். காற்று திசை மாறும் மாதங்களில் கூட்டம் கூடுதலாக இருக்கும். கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, இந்த வெயிலுக்குக் கொஞ்சமும் ஆகாத வெல்வெட் சட்டையும் இடுப்பில் வாளுமாகப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள். எல்லாரும் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியர்கள். தங்கமான மனுஷர்கள் என்று சொல்லிவிட முடியாது. வரிசையில் நிற்கத் தெரியாது. பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கேட்டால் அந்தச் சீட்டு தங்கள் ராஜாவுக்குச் சொந்தம் என்பார்கள். நடத்துனர்கள் பாவம், அவர்களை எழுப்புவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும்.

எப்சிபா எல்லா ரகத்தையும் பார்த்திருக்கிறாள். ஒருவர் முழங்கால் வரை நனைந்து வந்தார். கடலில் இறங்கி நின்று, கண்ணுக்கெட்டிய கடலும் எட்டாத கடலும் தன் ராஜாவுடையது என்று அறிவித்துவிட்டு நேரே வந்திருந்தார். சரி, ஈரக் காலோடு உள்ளே வர வேண்டாம் என்று எப்சிபா கேட்டுக்கொண்டாள். இன்னொருவர் நாயோடு வந்தார். அந்த நாய்க்குப் படையில் ஒரு சிப்பாய்க்கு உள்ள பங்கு உண்டு என்று பெருமையாகச் சொன்னார். சம்பாதிக்கிற ஆளுக்கு முழு டிக்கெட் என்று நடத்துனர் சொன்னபோது நாய் மறுபேச்சு பேசவில்லை. மற்றொருவர், சோறு தராவிட்டால் நிலாவை அணைத்துவிடுவேன் என்று மிரட்டினார். நிலாவை அணைக்காமலே இங்கே சோறு உண்டு என்று டீக்கடை நூகு லெப்பை அவருக்கு இரண்டு பரோட்டா வைத்தார். தங்க நகரத்தைத் தேடி வந்தவர், கடைவீதியில் ‘தங்க மாளிகை’ என்ற பலகையைப் பார்த்து வாளை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். ஒரு காலண்டரும் மஞ்சள் பையுமாக வெளியே வந்து, மனம் நிறைந்து கப்பலேறினார்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்பதால் மொழி ஒரு தடையாக இருந்ததில்லை. விசாரணை என்று எழுதிய சன்னலில் தலையை நுழைத்து, “இந்தியா?” என்பார்கள்.

“மேற்கே ஒரு இந்தியா இருக்கு” என்று எப்சிபா கையை நீட்டுவாள்.

இது பொய் இல்லை. விசாரணை சன்னலில் உட்கார்ந்து பொய் சொல்லக் கூடாது. முன்பு இருந்த ஒருவர், தொல்லை தாங்காமல் வாய்க்கு வந்த ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த ஊருக்குப் புறப்பட்டுப் போன வண்டி இன்னும் திரும்பவில்லை. ஓட்டுநரின் வீட்டில் இன்றைக்கும் அவருக்குச் சோறு எடுத்து மூடி வைக்கிறார்கள். எப்சிபா சொல்வதில் அந்தச் சிக்கல் கிடையாது. மேற்கிந்தியத் தீவுகள் என்று ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தீவுக்காரர்கள் பந்து வீசுவதை அவளே நூகு லெப்பை கடை டிவியில் பார்த்திருக்கிறாள். ஆகவே மேற்கே ஓர் இந்தியா உண்டு. கேட்டவர்கள் நன்றி சொல்லி, தொப்பியைக் கழற்றி மாட்டி, அடுத்த மூன்றாம் நம்பரில் துறைமுகத்துக்குத் திரும்புவார்கள்.

தவறினால் என்ன ஆகும் என்பதும் ஊருக்குத் தெரியும். இந்த ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சரக்கு உண்டு. அமெரிக்காவுக்குப் போய் அதைக் கண்டு உலகத்துக்குக் கொண்டுவர வேண்டியவர் அவர். யாருக்கு எது என்பது இறங்கும்போதே தெரிந்துவிடும். பப்பாளிக்காரர் வந்தபோது பழக்கடைப் பப்பாளி எல்லாம் அவர் பக்கமாக உருண்டது. கடலைக்காரர் வந்தபோது வறுகடலைச் சட்டி தானாகச் சலசலத்தது. ஒருமுறை எப்சிபா காய்ச்சலில் விடுப்பு எடுத்திருந்த நாளில், சன்னலில் உட்கார்ந்த தற்காலிக ஆள், வந்தவருடைய களைப்பைப் பார்த்து இரக்கப்பட்டு, “இதுதான் சார் இந்தியா, உக்காருங்க” என்று பெஞ்சைக் காட்டிவிட்டான். அவர் உட்கார்ந்து, பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷமே அன்னாசி போய்விட்டது. ஜூஸ் கடைப் பலகையில் சாத்துக்குடி படத்துக்கும் ஆப்பிள் படத்துக்கும் நடுவே இன்றும் ஒரு வெள்ளை இடம் இருக்கிறது. போன சரக்கின் பெயர் மட்டும் நிற்கும். ருசி நாக்கிலிருந்தும் நினைவிலிருந்தும் போய்விடும். அந்த மனிதர் பேருந்து நிலையத்து வாசலிலேயே குடை ரிப்பேர் கடை போட்டுவிட்டார். அவரை எல்லாரும் அன்னாசிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்னாசி என்றால் என்னவென்று கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கண்டால் மட்டும் சரக்கு போய்விடாது, பிடிக்கவும் வேண்டும். அதனால்தான் தமிழில் அதைக் கண்டுபிடித்தல் என்கிறார்கள். அன்னாசிக்காரர் கண்டதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். பெஞ்சைப் பிடித்ததுதான் வினையாகப் போயிற்று.

அன்றைக்கு எப்சிபா வேலைக்கு வரும்போது ஒரு டிபன் கேரியரும் கொண்டுவந்திருந்தாள். அவள் மகள் நவோமி வருகிற நாள் அது. அரபு நாட்டில், தமாமில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண். நீண்ட நாளைக்குப் பிறகு திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, மாலை ஐந்து மணி வண்டியில் வருகிறாள். போனில் எப்சிபா, என்ன செய்து வைக்கட்டும் என்று கேட்டபோது, மகள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அங்கே எல்லாவற்றிலும் தயிரை ஊற்றுகிறார்கள், நாக்கு செத்துப் போயிற்று, உன் சாளைமீன் குழம்பு வேண்டும், கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்றாள். எப்சிபாவுக்கு வேலை முடிய நேரமாகும். அதுவரை பிள்ளையைக் காக்க வைக்க மனசில்லை. அதனால் விடியலிலேயே மிளகாய் அரைத்து, குழம்பு வைத்து, எண்ணெய் சிவப்பாக மேலே மிதக்க மிதக்கக் கேரியரில் ஊற்றி எடுத்து வந்துவிட்டாள். அலுவலக அலமாரியில் அது மூடியபடி இருந்தது. அறை முழுக்க வாசம் நிறைந்திருந்தது.

நாலு மணி சுமாருக்கு மூன்றாம் நம்பர் வந்தது. அதிலிருந்து ஒரு கப்பித்தான் இறங்கினார். நல்ல உயரம். செம்பட்டைத் தாடி. கழுத்தில் ஒரு சின்னத் தோல்பை. பின்னாலேயே, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வதற்கென்று மெலிந்த துபாஷி ஒருவர். கப்பித்தானுடைய கால் தரையில் பட்டதும், நூகு லெப்பை கடை வாசலில் பஜ்ஜிக்காகக் கழுவி வைத்திருந்த மிளகாய்கள் எல்லாம் காம்பைத் திருப்பி அவரைப் பார்த்தன. பலசரக்குக் கடையில் வற்றல் மூட்டை ஒன்று கட்டவிழ்ந்தது.

எப்சிபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மிளகாய்க்காரர் ஒருநாள் வருவார் என்று அவளுக்குத் தெரியும். வேறு எந்த நாளிலாவது வந்திருக்கலாம். சரி, வந்தவரை அனுப்பி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கையை மேற்கே நீட்டத் தயாராக வைத்துக்கொண்டாள்.

ஆனால் கப்பித்தான் நேரே சன்னலுக்கு வரவில்லை. துபாஷிக்குத் தாகமாக இருந்தது.

இந்தத் துபாஷியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழக்கே போகிறோம், கிழக்கே இருக்கிறவர்களுக்கு அரபி தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அரபி படித்த அவரைக் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். போன கரையிலெல்லாம் அவர் முதல் ஆளாக இறங்கி ஸலாம் சொன்னார். மீன் பிடிக்கிறவர்களுக்குச் சொன்னார். கிளிகளுக்குச் சொன்னார். யாருமே இல்லாத கரையில் மரங்களுக்குக்கூடச் சொல்லிப் பார்த்தார். எங்கேயும் எதுவும் பதில் சொல்லவில்லை. மாலுமிகள் அவரைச் சாப்பாட்டுக்குக் கேடு என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். இப்போதும் பழக்கதோஷத்தில், டீக்கடை முன்னால் நின்று, எந்த நம்பிக்கையும் இல்லாமல், “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்.

நூகு லெப்பை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வ அலைக்கும் ஸலாம்” என்றார்.

ஒருவர் ஸலாம் சொன்னால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்ன பிறகுதான் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் துபாஷி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தார். பிறகு எழுந்து ஓடிக் கப்பித்தானின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வந்துவிட்டோம், இதுதான் அந்த இடம், இங்கே ஒருவர் பதில் சொல்கிறார் என்று விக்கி விக்கிச் சொன்னார்.

கப்பித்தான் டீக்கடைக்குள் வந்தார். கழுத்துப் பையைத் திறந்து, ஒரே ஒரு மிளகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஊரிலிருந்து மாதிரிக்காகக் கொண்டுவந்தது. எந்தக் கரையில் இது கிடைக்கிறதோ அதுதான் இந்தியா என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நூகு லெப்பையின் கையருகே, சுக்குக் காப்பிக்கு வைத்திருந்த மிளகு ஒரு பாட்டில் நிறைய இருந்தது. கண்ணாடிப் பாட்டில். மறைக்க வழியில்லை. இதற்கு என்ன பெயர் என்று துபாஷி கேட்டார்.

“மிளகு” என்றார் நூகு லெப்பை, மெல்லிய குரலில்.

“மிளகு” என்று கப்பித்தான் திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லை வாயில் போட்டு ருசிப்பதுபோல இன்னொரு தடவையும் சொன்னார்.

கண்டாயிற்று. இனிப் பிடிப்பதுதான் பாக்கி. கப்பித்தான் வெளியே வந்து, மூன்றாம் நடைமேடைக்கும் நாலாம் நடைமேடைக்கும் நடுவே, கோவில்பட்டி வண்டி நிற்கிற இடத்தில் தன் கொடியை நட்டார். நீளமான ஓர் அறிவிப்பை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். இன்று முதல் இந்த மண்ணும் இதிலுள்ள மனிதர்களும் தம் ராஜாவுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது அதன் சாரம். கேட்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்ற நிபந்தனை அவர்களுடைய வழக்கத்தில் இல்லை. அதனால் தங்கள் மொழியிலேயே படிப்பார்கள். பயணிகள் கொஞ்சம் விலகி நின்று வழி விட்டார்கள். படித்து முடித்ததும் பிடித்ததாகக் கணக்கு.

முதல் பத்தி முடிந்தபோது பஜ்ஜி மிளகாய்கள் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வெளிறிவிட்டன. வற்றல் மூட்டை வைக்கோல் நிறமாயிற்று. எப்சிபா அலமாரியைத் திறந்து கேரியரின் மூடியைக் கழற்றினாள். குழம்பின் சிவப்பு, கடல் உள்வாங்குவது போல, விளிம்பிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே வெறும் புளித் தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு துண்டுச் சாளை வெட்கப்படுவது போல வெள்ளையாகக் கிடந்தது.

அவள் மிளகாயின் ருசியை நினைத்துப் பார்த்தாள். நாக்கின் நுனி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. காதில் ஏதோ சூடாகும், அது மட்டும் கொஞ்சம் நினைவு இருந்தது. அதுவும் போய்க்கொண்டிருந்தது. குழம்பு போனால் போகிறது, வேறு குழம்பு வைக்கலாம். ஆனால் ஐந்து மணி வண்டியில் வருகிற பிள்ளை, பாலைவனத்தில் இத்தனை நாளும் எதை நினைத்து ஏங்கினாள் என்பதே அவளுக்குத் தெரியாமல் போய்விடும். இறங்கி வந்து, எதற்கு வந்தோம் என்று விளங்காமல் அம்மா முகத்தைப் பார்ப்பாள். அதை மட்டும் எப்சிபாவால் தாங்க முடியாது.

நூகு லெப்பை சன்னலுக்கு ஓடி வந்தார். டீ வடிகட்டி இன்னும் கையில் இருந்தது.

“ஸலாம் சொல்லுதவனுக்குப் பதில் சொல்லாம எப்படி தங்கச்சி இருக்க?”

“நீங்க செஞ்சதுல தப்பில்லை அண்ணே” என்றாள் எப்சிபா. “உங்க அரபியை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க.”

அவள் கேரியரைத் தூக்கிக்கொண்டு சன்னலை விட்டு வெளியே வந்தாள். பணி நேரத்தில் அவள் சன்னலை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. நாலாம் நடைமேடை ஓரம் கப்பித்தான் இரண்டாம் பத்தியில் இருந்தார். எப்சிபா அவர் எதிரில் போய் நின்று, படித்தது போதும், முதலில் சாப்பிடுங்கள் என்றாள். நூகு லெப்பை அதை ஓதிப் படித்த அரபியில் சொல்ல, துபாஷி அதைத் தங்கள் மொழியில் கப்பித்தானுக்குச் சொன்னார். துபாஷி தன் வாழ்நாளில் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. நன்றாகவே செய்தார்.

மாதக்கணக்கில் கடலில் புழுத்த ரொட்டி தின்று வந்தவர் கப்பித்தான். சாப்பிடுங்கள் என்று ஒருவர் சொன்னால் எந்த ராஜாவின் அறிவிப்பும் கொஞ்சம் காத்திருக்கும். அவர் தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எப்சிபா ஒரு தட்டில் நூகு லெப்பை கடை இடியாப்பத்தை வைத்தாள். கேரியரைச் சாய்த்து, மேலே நின்ற வெளுத்த தண்ணீரைச் சாளைத் துண்டுகளோடு நிதானமாக மூடியில் வடித்துவிட்டு, அடியில் தங்கியிருந்த கடைசிச் சிவப்பைப் பூராவும் அவர் தட்டில் ஊற்றினாள். மகளுக்கென்று ஒரு சொட்டு மிச்சம் வைக்கலாமா என்று கை ஒரு கணம் நின்றது. வைக்கவில்லை.

கப்பித்தான் ஒரு வாய் சாப்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாயில் காது சிவந்தது. மூன்றாவதில் விக்கல் எடுத்தது. வெல்வெட் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, தாடி ஒழுகியது. தண்ணீர் நீட்டிய கையைத் தள்ளிவிட்டுத் தட்டை வழித்தார். வழித்து முடித்து, விரலைச் சூப்பி, பையிலிருந்த மிளகை எடுத்து ஒரு பார்வை பார்த்தார். புது மருமகள் வந்த வீட்டில் பழைய சமையல்காரியைப் பார்க்கிற பார்வை. அதைத் திரும்பப் பைக்குள் போடக்கூட மறந்து பெஞ்சில் வைத்துவிட்டார்.

இது என்ன என்று கேட்டார். கேள்வி துபாஷி வழியாக நூகு லெப்பையிடம் வந்தது. அவர் ஓதிய கிதாபுகளில் மிளகாய் கிடையாது. அதனால் சொல்லை அப்படியே நீட்டினார்.

“மிளகாய்.”

கப்பித்தான் அந்தச் சொல்லை உருட்டிப் பார்த்தார். அதற்குள்ளே தனக்குத் தெரிந்த மிளகு இருப்பதை அவர் கண்டுகொண்டார். அப்படியானால் இதுவும் மிளகுதானா என்று விசாரித்தார். மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால் மிளகாய் என்று எப்சிபா விளக்கினாள். அவர் தலையை ஆட்டி, அங்கே போனால் தானும் இதற்கு இப்படியே பெயர் வைக்கலாம் என்று துபாஷியிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

பிறகு மெதுவாக, இது எங்கே விளைகிறது என்று கேட்டார்.

எப்சிபா சன்னலுக்கு வெளியே இருந்தாள். இங்கே பொய் சொன்னால் எந்த வண்டியும் காணாமல் போகாது. ஆனாலும் அவளுக்குப் பொய் வரவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

“நீங்க போய்க் கொண்டுவந்தாத்தான் இங்க உண்டு” என்றாள்.

இது அரபிக்குள் போய் மறுபக்கம் வெளிவர நேரம் பிடித்தது. கப்பித்தான் கெட்டிக்காரர். தட்டைக் காட்டி, நான் இன்னும் போகவே இல்லையே, பின்னே இது எப்படி வந்தது என்றார். நியாயமான கேள்விதான். சுற்றி நின்றவர்கள் எப்சிபாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

“நீங்க கொண்டுவருவியன்னு நம்பித்தான் குழம்பு வச்சேன்” என்றாள் எப்சிபா.

நூகு லெப்பை அதை நிதானமாக அரபியில் சொன்னார். துபாஷி அதைத் தங்கள் மொழியில் திருப்பிச் சொன்னார். கப்பித்தான் அதைக் கேட்டு எழுந்து நின்றார். அவருடைய ராணி அவரை நம்பவில்லை. கடன் கொடுத்தவர்கள் நம்பவில்லை. மாலுமிகள் மூன்று தடவை அவரைக் கடலில் தூக்கிப் போடப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், அவர் கொண்டுவருவார் என்று நம்பி, அரைத்து, தாளித்து, குழம்பே வைத்துவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

“எந்தப் பக்கம் போக வேணும்னு கேக்காவ” என்றார் நூகு லெப்பை.

“மேற்கே.”

“இது எந்த இடம்னு கேக்காவ.”

“பஸ் ஸ்டாண்டு” என்றாள் எப்சிபா.

கப்பித்தான் நட்ட கொடியைத் தானே பிடுங்கினார். கோவில்பட்டி வண்டி அதற்காகவே காத்திருந்தது போல அந்த இடத்தில் வந்து நின்றது. அறிவிப்புத் தாளில் எப்சிபா வழிக்கு நாலு இடியாப்பம் கட்டிக் கொடுத்தாள். துபாஷி மட்டும் நகரவில்லை. இவ்வளவு தேடி, பதில் சொல்லும் ஓர் ஆளைக் கண்டுவிட்டு, மறுபடி மரங்களுக்கு ஸலாம் சொல்லப் போக அவருக்குக் கால் எழவில்லை. நூகு லெப்பை அவர் தோளில் கைபோட்டு ஏதோ அரபியில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று எப்சிபா கேட்டதற்கு, இன்றைக்கு ஒரு ஸலாமுக்குப் பதிலை முன்கூட்டியே தருகிறேன், அங்கே யாரும் சொல்லாவிட்டால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன் என்றார். துபாஷி அதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு நடந்தார்.

எப்சிபா சன்னலுக்குத் திரும்பி, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயருகே வைத்தாள். அவள் குரல் அன்றைக்குப் போல என்றைக்கும் எடுத்ததில்லை. தூரத்து ஐஸ் தொழிற்சாலை வரை கேட்டது.

“பயணிகளின் கவனத்துக்கு. மேற்கிந்தியா செல்பவர்கள் அனைவரும், துறைமுகம் செல்லும் மூன்றாம் எண் பேருந்தில் ஏறிக்கொள்ளவும். வண்டி உடனே புறப்படும்.”

மூன்றாம் நம்பருக்குக் காத்து அங்கங்கே தூணோரம் தூங்கிக்கொண்டிருந்த வெல்வெட் சட்டைக்காரர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். வாசலில் குடைக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்த அன்னாசிக்காரர் தலையைத் தூக்கினார். மறுபடி அறிவிப்பு வந்தது. அவர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு, தைத்த குடைகளை எல்லாம் பக்கத்துப் பூக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, வண்டியில் ஏறினார். நடத்துனர் விசில் கொடுத்தார். வண்டி வாசலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியது.

அது திரும்பியதும் மிளகாய் சிவந்தது. பஜ்ஜிக் கடையில் பச்சை பச்சையாயிற்று, பலசரக்குக் கடையில் வற்றல் வற்றலாயிற்று. மூடியில் வடித்து வைத்திருந்த புளித் தண்ணீர் எப்சிபா பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்கும நிறம் ஏறி, எண்ணெய் மிதந்து, சாளைத் துண்டுகள் தெம்பாகத் திரும்பிப் படுத்தன. ஜூஸ் கடைப் பலகையில் வெள்ளை இடத்தில் அன்னாசி வந்து உட்கார்ந்தது, முள்ளும் கொண்டையுமாக. பேருந்து நிலையத்தில் இருந்த அத்தனை பேருடைய நாக்கிலும் ஒரே சமயத்தில் ஒரு புளிப்பும் இனிப்பும் ஊறின. எல்லாரும் ஒரு தடவை எச்சில் விழுங்கினார்கள். பிறகு திருச்செந்தூர் வண்டி ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். அவரைப் பார்த்து நாகர்கோவில் வண்டி அழுத்தியது, அதைப் பார்த்து மதுரை வண்டி. நிலையத்தில் இருந்த எல்லா வண்டியும் ஹாரன் அடித்தன. எப்சிபா மைக்கை அணைக்க மறந்திருந்தாள். அவள் சிரிப்பது ஊர் முழுக்கக் கேட்டது.

ஐந்து மணி வண்டி அன்றைக்குச் சரியாக ஐந்து மணிக்கே வந்தது. நவோமி முன்வாசல் வழியாக இறங்கி, பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை, “குழம்பு எங்கம்மா?” என்றாள். எப்சிபாவுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அவளைப் பெஞ்சில் உட்கார்த்தி, இடியாப்பத்தை வைத்து, மூடியோடு கவிழ்த்து ஊற்றினாள். நவோமி சாப்பிட்டாள். காது சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்காமல் அப்படியே சாப்பிட்டாள். எப்சிபா பக்கத்தில் நின்று, தான் வாழ்க்கையில் கெலித்த எல்லாவற்றிலும் இதுதான் பெரிசு என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அதே வண்டியின் பின்வாசல் வழியாக அமெரிக்கா இறங்கியது. ரொம்ப அகலமாக இருந்ததால் நேரமாயிற்று. நடுவில் ஒடுங்கிய இடத்தில் மடங்கி, முதலில் மேல் பாதி இறங்கி, பிறகு கீழ்ப் பாதியை இழுத்துக்கொண்டது. ஓரமாக நின்று சுருக்கங்களை நீவிவிட்டுக்கொண்டு, விசாரணை சன்னலில் ஆள் இல்லாததைப் பார்த்து, பெஞ்சுக்கே வந்தது.

என்னைத் தேடி யாராவது வந்தார்களா என்று கேட்டது.

“இப்பத்தான் கிளம்பினாவ” என்றாள் எப்சிபா. “அவுக போய்ச் சேருததுக்குள்ள நீங்க அங்க இருக்கணும். அடுத்த மூணாம் நம்பர் அரை மணியில. வந்ததுக்கு ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.”

நவோமி பெட்டியை நகர்த்தி இடம் விட்டாள். அமெரிக்கா உட்கார்ந்து, இடியாப்பத்தைக் குழம்பில் புரட்டி ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி நிதானமாக மென்றது.

“நல்லாத்தான் இருக்கு” என்றது. “உறைப்புத்தான் கொஞ்சம் பத்தலை.”

நாளைக்கு இன்னும் நாலு மிளகாய் சேர்த்து அரைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, எப்சிபா சன்னலுக்குப் போய்க் கோவில்பட்டி வண்டிக்கு நேரம் சொன்னாள்.